அருளப்பன் சார் கழற்றிய கதவு

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வேடசந்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் முத்தன் வந்து நின்றான். மில்லில் பகல் ஷிப்டில் இருக்க வேண்டியவன். தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "சார் போயிட்டாரு டீச்சர்" என்றான். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சார் என்றால் ஒருவர்தான்.

மறுநாள் திண்டுக்கல்லில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம் இருந்தது. இதைப் படிக்கிற உங்களில் பலரை அங்கே பார்த்தேன். இலாகாவில் அவரோடு வேலை பார்த்தவர்கள், கோயிலில் பாடுகிறவர்கள், அவர் குடியிருந்த தெருக்காரர்கள். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர், மடங்காமல் விறைத்துப் போயிருந்த அவருடைய வலது கை விரல்களைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சிறு வயதில் அடுப்பில் விழுந்துவிட்டாராம் என்றார் ஒருவர். அருளப்பன் சாரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டால், "அடுப்பு நெருப்பு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அது உண்மையில்லை. அவர் இருக்கும்வரை அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்கு முன்னால் ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சில சாதிகளில் பிறந்துவிட்டால் போதும். வயது வந்த ஆண்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைக்க வேண்டும். இரவில் அங்கே போய் ஆஜர் கொடுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். வீடு வாசல் இல்லாமல் நடந்து பிழைக்கிற கூட்டங்கள்தான் இதில் அதிகம் மாட்டின. சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுத்த செய்தி எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த ஊர்களிலும் அதை நம்ப விரும்பியவர்கள் குறைவு. அந்த மக்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்த அரசாங்கம் ஒரு திட்டம் போட்டு, எங்கள் பக்கத்துக்கு அருளப்பன் சாரை நல இன்ஸ்பெக்டராக அனுப்பியது.

அவர் முதல் தடவை அவர்களைப் பார்க்கப் போன கதையை வெள்ளச்சி சொல்லித்தான் நான் கேட்டேன். கழுதைகளில் உப்பு ஏற்றிப்போய் ஊர் ஊராகத் தானியத்துக்கு மாற்றி, ஈச்சம் ஓலையில் கூடை முடைந்து விற்கிற கூட்டம் அது. அதற்கு நல்லது கெட்டது சொல்கிறவள் வெள்ளச்சி. புருஷன் இல்லை. குடகனாற்றுக் கரையில் அவர்கள் இறங்கியிருந்த இடத்துக்குச் சார் காக்கிச் சட்டை, காக்கி நிக்கரோடு சைக்கிளில் போயிருக்கிறார். தான் இன்ஸ்பெக்டர் என்று சொன்னாராம். சொல்லி முடிப்பதற்குள் ஆண்கள் அத்தனை பேரும் உடைமரக் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். அடுப்பில் கொதித்த கூழை இறக்கக்கூட ஆள் இல்லை. சார்தான் இறக்கி வைத்தாராம். அடுத்த முறை வேட்டி கட்டிக்கொண்டு நடந்தே போனார். அதன் பிறகு அவரை நான் காக்கியில் பார்த்ததில்லை. "என் வேலைக்கு வச்ச பேருதான் டீச்சர் என் வேலையக் கெடுக்குது" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

காலனி அமைந்தது வேடசந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றை ஒட்டிய புறம்போக்கில். கூரை வீடுகள், ஒரு கிணறு, சில உழவு மாடுகள், ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் டீச்சர். என் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் அண்ணன் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சோளமும் புகையிலையும் போடுகிற சம்சாரிகள் நாங்கள். காலனி வந்த இடம் எங்கள் ஊர் ஆடு மாடு மேய்ந்த இடம். அந்தக் கோபம் ஊருக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. நான் அங்கே வேலைக்குப் போகிறேன் என்றதும் அண்ணன் நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, சர்க்கார் சம்பளம்தானே என்று அம்மா சொல்லிச் சமாதானம் செய்தாள்.

வீடுகளை முடித்த பிறகு காண்டிராக்டர் கம்பிவேலி போட்டார். சர்க்கார் மாடுகள் அடுத்தவர் புஞ்சையில் இறங்கக் கூடாது என்று மேலிடத்திலேயே எழுதிய திட்டம் அது. சுற்றிலும் முள்ளுக்கம்பி, ரோட்டைப் பார்த்து ஓர் இரும்புக் கதவு. அருளப்பன் சாரும் அதை நல்லது என்றுதான் நினைத்தார். கதவு வந்து நின்ற அன்று வெள்ளச்சி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கேட்டுக்குப் பூட்டு யாருகிட்ட இருக்கும் சாமி?" என்று கேட்டாள். பூட்டே கிடையாது, மாடு போகாமல் இருக்கத்தான் என்றார் சார். அவள் தலையாட்டினாள். அவளுடைய மாமனார் சடையன் எதுவும் கேட்கவில்லை. ரேகைச் சட்டக் காலத்தில் பிடித்துக்கொண்டுபோய் வேலிக்குள் வைத்திருந்தார்களே, அங்கே பல வருஷம் இருந்துவிட்டு வந்த மனிதர் அவர். கம்பியை ஒட்டியே காலனியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கல்தூணையும் கையால் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டுக்குள் படுப்பதை விட்டுவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் படுக்க ஆரம்பித்தார். மழை பெய்தாலும் அங்கேதான். சார் இதைக் கவனித்தார்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. எங்கள் ஊர்க் கூலிக்காரர் பிள்ளைகள் சிலர் காலனிப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் நின்றுபோனார்கள். வேலியோரமாக ஆடு ஓட்டிப்போகிறவர்கள் வேறு பாதையில் போனார்கள். ஒருநாள் காலையில் கிணற்றுத் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. யாரோ கள்ளியை வெட்டி வெட்டி உள்ளே போட்டிருந்தார்கள். ஆண்கள் சேர்ந்து கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. யார் செய்திருப்பார்கள் என்று ஒருவர்கூடப் பேசவில்லை. இப்படி எதுவாவது வரும் என்று அவர்கள் முன்பே எதிர்பார்த்திருந்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் அம்மன் கழுத்துத் தாலி காணாமல் போனது. வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பூசாரி வந்து பார்க்கும்போது கழுத்து வெறுமையாக இருந்திருக்கிறது. ஊரில் அன்று அடுப்பு எரியவில்லை. பெண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். என் அம்மாவும் அழுதாள். அது நடிப்பில்லை, சொந்த வீட்டில் சாவு விழுந்தது போலத்தான் எல்லோரும் இருந்தார்கள். யார் எடுத்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. அதற்கான பதில் வேலிக்குள் தயாராக இருந்தது.

போலீஸ் வந்தது. வீடு வீடாகக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கூடைகளைப் பிய்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. போகும்போது விசாரணை முடிகிறவரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது என்று சொல்லி, இரும்புக் கதவில் சங்கிலி சுற்றி ஒரு திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரரைக் காவல் வைத்தார்கள். மறுநாள் காலை நான் போனபோது சாரும் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார். கம்பிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் நின்றிருந்தார்கள். பிள்ளைகள்கூட அழவில்லை. வெள்ளச்சி முன்னால் நின்றாள். பூட்டைப் பற்றி அன்று கேட்டதை அவள் மறுபடி சொல்லிக்காட்டவில்லை. சாரைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

சார் அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனார். சட்டம் போய்விட்டது, ஆட்களை அடைத்து வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ஊர் கொதிக்கிறது, பூட்டு அவர்களுடைய பாதுகாப்புக்குத்தான், மேலிருந்து உத்தரவு வந்தால் திறக்கிறோம் என்று பதில் வந்தது. மேலிடத்துக்குத் தந்தி கொடுத்தார். பதில் வரவில்லை. பதில் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உச்சிவெயிலில் திரும்பி வந்தபோது தோளில் ஒரு கடப்பாரை வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பூட்டை அவர் தொடவில்லை. கதவு தொங்கிய கொக்கிகளின் பக்கம் போய், கடப்பாரையைக் கொடுத்து நெம்ப ஆரம்பித்தார்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சின்ன வயசுக்காரர். என்ன செய்வதென்று தெரியாமல், "சார், அது சர்க்கார் சொத்து சார்" என்றார்.

"ஆமா. நான்தான் வாங்கி மாட்டுனேன். நான்தான் கழட்டுறேன்" என்றார் அருளப்பன் சார்.

உள்ளே இருந்து சில பேர் வந்து கதவின் எடையைத் தாங்கிப் பிடித்தார்கள். பூட்டும் சங்கிலியும் அப்படியே இருக்க, கதவு முழுவதுமாகக் கழன்று மண்ணில் சாய்ந்தது. ஸ்டேஷனுக்குச் சொல்லப் போன போலீஸ்காரர் அன்று திரும்பி வரவில்லை. அதோடு அவர் நிற்கவில்லை. ஆற்றுப் பக்கம் போய், பின்வேலியில் மாட்டுவண்டி போகிற அகலத்துக்குக் கம்பியை அறுத்துவிட்டார். அது எதற்கு என்று நான் கேட்டேன். "ஒரு வாசல் இருக்கிற இடத்துல மனுசங்களக் குடிவைக்கக் கூடாது டீச்சர். இப்பத்தான் புத்தி வருது" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க எங்கள் ஊர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், தீர்ந்துபோச்சு என்றார். முதல் நாள்தான் வண்டியில் டின்கள் வந்து இறங்கியதை நான் பார்த்திருந்தேன். காலி டின்கூட அங்கே இல்லை. தெருவில் ஆண்பிள்ளைகள் யாரும் இல்லை. கோயில் பக்கம் கூட்டமாகப் பேச்சுச் சத்தம் கேட்டது. நான் கிட்டப் போகப் போக அது அடங்கியது. வீட்டில் அண்ணன் புறக்கடையில் உட்கார்ந்து கம்பில் பழந்துணி சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"இன்னிக்கு இனி அங்கிட்டுப் போகாத" என்றான்.

குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிற மாதிரி கிளம்பினேன். சோளக்கொல்லைக்குள் இறங்கிய பிறகு குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சார் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, எத்தனை பேர் இருப்பார்கள், எந்தப் பாதையில் வருவார்கள் என்று மட்டும் கேட்டார். உடனே வெள்ளச்சியைக் கூப்பிட்டார். அவளுக்கு ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைக்காமல், விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அறுத்த வேலி வழியாக எல்லோரும் ஆற்றுக்குள் இறங்கினோம். மாடுகளை முன்னால் ஓட்டிவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அக்கரைக்குப் போய் ஈச்சம்புதர்களுக்குள் உட்கார்ந்தோம். சார் வரவில்லை. யாராவது ஒருவர் வாசலில் இல்லாவிட்டால் நேரே ஆற்றுக்குத் தேடி வந்துவிடுவார்கள் என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டார்.

இருட்டத் தொடங்கும்போது பந்தங்கள் தெரிந்தன. சத்தமே இல்லாமல் வந்தார்கள். கத்திக்கொண்டு வந்திருந்தால்கூட எனக்கு அத்தனை பயமாக இருந்திருக்காது. கதவு இருந்த இடத்தில் வெளிச்சம் நின்றது. அங்கே என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. பிற்பாடு அண்ணன் சொல்லித்தான் தெரியும். சார் தரையில் கிடந்த கதவின் மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னாராம்: "உள்ள ஆளு யாரும் இல்ல. இது சர்க்கார் வீடு. எரிக்கணும்னா எரிச்சுக்கங்க. யாரார் எரிக்கிறீங்கன்னு நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்." அதைக் கேட்டுச் சில பேர் பின்வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிடு போட்ட மனிதர் அவர். ஆனால் பின்னால் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்க விருப்பமில்லை. முதல் கூரை பற்றியது.

அப்போதுதான் எங்கள் பக்கத்தில் வெள்ளச்சி எழுந்து நின்றாள். சடையனைக் காணோம். கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு கழுதைக் குட்டியைக் கட்டிப்போட்டிருந்தது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஆற்றைக் கடந்து திரும்பிப் போயிருக்கிறார். வெள்ளச்சி ஓடப் பார்த்தாள். மூன்று பெண்கள் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டோம்.

கூரைகளுக்கு நடுவே ஒரு மனிதக் குரல் கேட்டதும் அருளப்பன் சார் உள்ளே ஓடியிருக்கிறார். கிழவரை அவர் பிடித்தபோது மேலிருந்து எரிகிற மூங்கில்கள் சரிந்தன. வலது கையால் அதைத் தடுத்துக்கொண்டு, இடது கையால் அவரை இழுத்திருக்கிறார். இரண்டு பேர் மேலும் தீ இருந்தது. கிணற்றடியில் கிடந்த வாளியை எடுத்துத் தண்ணீர் மொண்டு மொண்டு அவர்கள் மேல் ஊற்றியது என் அண்ணன். கையிலிருந்த பந்தத்தை எங்கே போட்டான் என்று அவனுக்கே நினைவில்லை. அதன் பிறகு கூட்டம் கலைந்துவிட்டது. கழுதைக் குட்டி தப்பித்து ஆற்று மணலில் எங்களிடம் ஓடி வந்தது. அதன் முதுகு மயிர் கருகியிருந்தது.

சடையன் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் சில நாள் இருந்து இறந்துபோனார். சாரை அடுத்த வார்டில் போட்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு எழுந்து போய், கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் போயிருந்தபோது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"விசாரணைக்கு வாராங்க டீச்சர். யார் யாரப் பாத்தேனோ, அத்தனை பேர் பேரையும் சொல்லப்போறேன். உங்க அண்ணன் பேரும் அதுல இருக்கு. பந்தம் கொண்டு வந்ததையும் சொல்லுவேன், தண்ணி ஊத்துனதையும் சொல்லுவேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லிரணும்னு தோணுச்சு" என்றார்.

சொல்லுங்கள் என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அந்த நேரம் முழுவதும் காத்திருந்தார்.

சொன்னார். வழக்கு நடந்தது. அவரையும் என்னையும் தவிர வேறு சாட்சி யாரும் வரவில்லை. எல்லோரும் விடுதலையானார்கள். நான் சாட்சி சொல்லப் போனதால் எங்கள் வீட்டுக் கதவு எனக்கு அடைபட்டது. அன்றிலிருந்து திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் தங்கினேன். அரசாங்கக் கதவைக் கழற்றியதற்கும், விசாரணையில் இருந்தவர்களைப் போகவிட்டதற்கும் சாருக்குப் பதவி இறக்கம் கொடுத்து ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். வெள்ளச்சியின் கூட்டம் ஒரு விடியற்காலையில் கழுதைகளோடு போய்விட்டது. குடியிருக்க விருப்பமில்லாமல் இடம் பெயர்ந்தார்கள் என்று இலாகாவில் எழுதி முடித்துவிட்டார்கள்.

அம்மன் தாலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறு வருஷம் திருவிழாவுக்கு முன்னால், கோயிலில் அபிஷேகத் தண்ணீர் வெளியே போகிற கல்தூம்பு அடைத்துக்கொண்டது. கல்லைப் பெயர்த்துப் பார்த்தார்கள். அழுகிய பூவோடும் சந்தனக் குழம்போடும் தாலி கிடந்தது. கயிறு இற்று, தண்ணீரோடு போயிருக்கிறது. யாரும் திருடவில்லை. பூசாரியும் பெரியவர்களும் அதைக் கழுவிப் புதுக் கயிற்றில் கோத்துப் பழையபடி அம்மன் கழுத்தில் போட்டுவிட்டார்கள். ஊரில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. என் அம்மா மனசு தாங்காமல் விடுதிக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

சாருக்கு எழுதினேன். லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளச்சியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றார். அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கிடைத்த லீவிலெல்லாம் சந்தை சந்தையாக அலைந்தார். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனி. உப்பு விற்கிறவர்களிடம் விசாரித்தார். கடைசியில் ஒரு கொய்யாப்பழ வியாபாரி, "ஏனுங்க, கூடைக்காரங்களைத்தான கேக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஆயக்குடியில் இருக்கிறார்கள் என்று அடையாளம் சொன்னார். நானும் சாரோடு போனேன். தோப்பு ஓரத்தில் பழம் அடுக்கக் கூடை முடைந்துகொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் எழுந்து, முதலில் அவருடைய கையைத்தான் பிடித்துப் பார்த்தாள்.

தாலி கிடைத்த கதையைச் சார் முழுவதும் சொன்னார். அவள் ஓலையைக் கிழித்துக்கொண்டே கேட்டாள்.

"நாங்க எடுக்கலைன்னு எங்களுக்குத் தெரியுமே சாமி. இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

சார் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, வேடசந்தூர்ப் பக்கம் வேறு இடம் கேட்டு மனுப் போட்டிருப்பதாகவும், இந்த முறை வேலி கிடையாது என்றும், வருவாளா என்றும் கேட்டார்.

"நீங்க இருக்கிற மட்டும் வரலாம். அடுத்தாப்ல வர்ற சார் யாரு?" என்று கேட்டாள்.

சார் மழுப்பவில்லை. "தெரியலம்மா" என்றார். பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தபோது, "ஒரு நல்ல அதிகாரிய நம்பித்தான் ஒரு சனம் உயிரோட இருக்கணும்னா அது திட்டம் இல்ல டீச்சர், அதிர்ஷ்டம்" என்றார். அவர் சொன்னவற்றில் என்னை அதிகமாகத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அந்த இடத்தை வாங்க அவருக்குப் பல வருஷம் ஆனது. வெள்ளச்சி கடைசிவரை வரவில்லை. அவள் கூட்டத்தில் சில குடும்பங்கள் வந்தன. ஓட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பெயரில் பட்டா. மொத்தமாக இலாகா பெயரில் இருந்தால், கொடுத்தவரே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் தாலுகா ஆபீசில் சண்டை போட்டுத் தனித்தனியாக வாங்கிக் கொடுத்தார். முத்தன் அந்தக் குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை. அன்று ஆற்றைக் கடந்தபோது அவனை இடுப்பில் வைத்திருந்தது நான்தான். இப்போது மில்லில் நிரந்தர வேலை. ஆனாலும், மில்லில் ஏதாவது காணாமல் போனால் மேஸ்திரி முதலில் இவன் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறார் என்று போன மாதம் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

நான் சாரைக் கடைசியாகப் பார்த்தது அவர் படுக்கையில் விழுந்த பிறகு. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனே வந்து பத்திரிகை கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போகப் பயமாக இருக்கிறது என்று சாரிடம் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும், என்ன பயம், போய்விட்டு வாங்க என்று சொல்லியிருப்பார்கள். அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, "எதுக்குப் பயம்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அம்மா இல்லாத வீட்டுக்குள் நுழைவது. அன்று பந்தத்தோடு கூட்டத்தில் வந்தவர்கள் பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் திரும்பச் சிரிக்க வேண்டியிருப்பது. அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். இடையில் ஒரு தடவை இருமல் வந்து மூச்சு வாங்கியது; கையைக் காட்டி, நிறுத்தாமல் சொல்லச் சொன்னார். நான் முடித்த பிறகு, "எல்லாம் நியாயமான பயம்தான்" என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். அத்தனை வருஷத்தில், பயந்து போயிருந்த எந்த மனிதரிடமும் பயப்படாதே என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கும் என்று அவர் நம்பினார். அதைக் கடைசிவரை கேட்க உட்கார்ந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். கல்யாணத்துக்குப் போனேன். பயந்தபடியே எல்லாம் நடந்தது, நானும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முத்தன் வீட்டுக்குப் போகப்போகிறேன். போய் அவனை உட்காரவைத்து, எதற்குப் பயம், ஒண்ணொண்ணாச் சொல்லு என்று கேட்பேன். அவன் ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் சொல்வான். எனக்கு அவசரம் இல்லை.